விசென்டரில் எல்லாம் தெரிகிறது, ரெப்ளிகேஷன் மட்டும் ஓடவில்லை: புதிய ஹோஸ்ட்களை டிஆரில் சேர்க்க உதவி வேண்டும்

அம்பத்தூர்_அட்மின்

வணக்கம் நண்பர்களே. மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

எங்கள் மெயின் சைட் சென்னை, டிஆர் (மெயின் சைட் விழுந்தால் வேலையைத் தொடரும் மாற்று இடம்) ஹைதராபாத். விஎம்களின் (மென்பொருளாக ஓடும் சர்வர்கள்) நகலை அங்கே அனுப்பும் வீம் மென்பொருளின் பேக்கப் சர்வரையும் ஹைதராபாத்தில்தான் வைத்திருக்கிறோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தச் சர்வர் சென்னையில் இருந்தது, கரண்ட் போனதும் அதுவும் சேர்ந்து படுத்துவிட்டது, ஹைதராபாத்தில் ரெப்ளிகா (விஎம்மின் நகல்) தயாராக இருந்தும் ஃபெயில்ஓவர் (வேலையை நகலுக்கு மாற்றுவது) கொடுக்க வழியில்லை. அதற்குப் பிறகு மாற்றியது.

பிரச்சினை இதுதான். சென்னையில் ஏற்கெனவே 4 இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்கள் (விஎம்கள் ஓடும் சர்வர்கள்), போன வாரம் 2 புதிதாக வந்தன. அதே கிளஸ்டரில் (ஹோஸ்ட்களின் குழு) சேர்த்தேன். விசென்டர் (ஹோஸ்ட்களை நிர்வகிக்கும் மென்பொருள்) ஏற்கெனவே வீமில் இருப்பதால் ரீஸ்கேன் கொடுத்ததும் இரண்டும் வீமின் பட்டியல் மரத்தில் வந்துவிட்டன, அவற்றில் உள்ள விஎம்களும் தெரிகின்றன. ஆனால் மூன்று விஎம்களை (ஈஆர்பி டேட்டாபேஸ், அதன் ஆப் சர்வர், ஃபைல் சர்வர்) புதிய ஹோஸ்ட்களுக்கு மாற்றியதிலிருந்து அந்த மூன்றின் ரெப்ளிகேஷனும் ஒவ்வொரு முறையும் ஃபெயில் ஆகிறது, ஹோஸ்டுடன் இணைக்க முடியவில்லை என்று. பழைய ஹோஸ்ட்களில் இருப்பவை மணிக்கொரு முறை ஒழுங்காக ஓடுகின்றன. சம்பளப் பட்டியல் முதல் ஜிஎஸ்டி பில் வரை அந்த டேட்டாபேஸில்தான் இருக்கிறது, இப்போது அதற்கு டிஆரே இல்லை என்பதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

ராத்திரி_ஷிஃப்ட்

சான்றிதழ் ஏதாவது மாறியதா? விசென்டரில் சான்றிதழ் மாறினால் வீமில் அதன் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து கடைசி வரை நெக்ஸ்ட் கொடுத்து, புதிய தம்ப்பிரிண்டை (சான்றிதழின் அடையாள எண்) ஏற்க வேண்டும். அப்புறம் எந்த அக்கவுன்ட்டில் சேர்த்திருக்கிறீர்கள்? சர்வீஸ் அக்கவுன்ட் என்றால் அதன் ரோல் (அனுமதிகள்) மேலிருந்து கீழே எல்லாவற்றுக்கும் இறங்குகிறதா என்று பாருங்கள்.

அதுவும் சரியாக இருந்தால் அந்த 2 ஹோஸ்டையும் ஐபி கொடுத்துத் தனியாகச் சேர்த்துப் பாருங்களேன்.

அம்பத்தூர்_அட்மின்

சான்றிதழ் மாறவில்லை. ரோல் விசென்டரின் உச்சியிலேயே கொடுத்தது, கீழேயும் இறங்குகிறது. தனியாகச் சேர்ப்பதை நேற்றே செய்துவிட்டேன், ஐபியில் சேர்ந்துகொண்டது, ஆனால் ஜாப் அதே இடத்தில்தான் நிற்கிறது. அது போதாதென்று விசென்டரிலிருந்தே ஒரு ஹோஸ்டை எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தும் பார்த்தேன். மாற்றமில்லை.

லாக்_படிப்பவன்

தம்பி, முதலில் அந்தத் தனி ஹோஸ்ட்களை வீமிலிருந்து எடுத்துவிடுங்கள். விசென்டர் வழியாக வரும் ஹோஸ்டைத் தனியாகவும் சேர்த்தால் ஒரே விஎம் இரண்டு இடத்தில் இரண்டு ஐடியோடு தெரியும், நாளைக்கு யாராவது தவறான பக்கத்திலிருந்து ஜாபில் சேர்த்துவிட்டால் குழப்பம்தான். விஎம் எந்த ஹோஸ்டுக்கு நகர்ந்தாலும் ஜாப் அதைப் பின்தொடர்வது விசென்டர் வழியாகச் சேர்த்தால் மட்டுமே.

இப்போது இரண்டு கேள்வி. ஒன்று, பழைய நான்கையும் விசென்டரில் ஐபியில் சேர்த்தீர்களா, பெயரிலா? புதியவை எப்படி? இரண்டு, புதிய ஹோஸ்ட்களின் டேட்டாஸ்டோர் (விஎம் டிஸ்க்குகள் இருக்கும் இடம்) பழையவற்றோடு பகிர்ந்ததா, உள்ளேயே இருக்கும் டிஸ்க்கா?

அம்பத்தூர்_அட்மின்

பழையவை ஐபி, 10.20.5.11 முதல் 14 வரை. புதியவை முழுப் பெயரில் சேர்த்தேன், இனிமேல் பெயரில்தான் என்று முடிவு செய்திருந்தோம். டேட்டாஸ்டோர் உள்ளேயே இருக்கும் எஸ்எஸ்டி, பழையவை எல்லாம் எஸ்ஏஎன் (ஹோஸ்ட்கள் பகிரும் ஸ்டோரேஜ்).

லாக்_படிப்பவன்

அப்படியென்றால் உங்களுக்கு ஒன்றல்ல, இரண்டு தடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வீம் விசென்டரிடம் விஎம் எங்கே என்று கேட்கும், விசென்டர் ஹோஸ்டைத் தன்னிடம் எப்படிச் சேர்த்தார்களோ அப்படியே சொல்லும். பழையவற்றுக்கு ஐபி வந்தது, வேலை முடிந்தது. புதியவற்றுக்குப் பெயர் வருகிறது. அந்தப் பெயரை ஹைதராபாத் டிஎன்எஸ் (பெயருக்கு ஐபி சொல்லும் சர்வர்) அறியுமா? பேக்கப் சர்வரில் உட்கார்ந்து என்எஸ்லுக்கப் (அதைச் சோதிக்கும் கட்டளை) போடுங்கள், சென்னையிலிருந்து போட்டால் பயனில்லை. மரத்தில் எல்லாம் தெரிவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், அது விசென்டரோடு 443 போர்ட்டில் பேசினாலே வந்துவிடும்.

அடுத்தது டிஸ்க். உங்கள் சென்னை ப்ராக்ஸி (வீமுக்காக டிஸ்க்கைப் படித்து அனுப்புவது) ஒரு விஎம் தானே? பழைய ஹோஸ்டில் இருந்தால் எஸ்ஏஎன் டிஸ்க்கை ஹாட்-ஆட் முறையில் நேராகத் தன்னோடு மாட்டிக்கொண்டு படிக்கும். புதிய ஹோஸ்டின் உள் எஸ்எஸ்டி அதன் கண்ணுக்கே தெரியாது, அதனால் நெட்வொர்க் முறைக்கு இறங்கும், அதற்கு ஹோஸ்டின் 902 போர்ட் வேண்டும். இதுவரை ப்ராக்ஸிக்கு அது தேவைப்படாததால் ஃபயர்வாலில் திறந்திருக்கிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ப்ராக்ஸியிலிருந்தும் பேக்கப் சர்வரிலிருந்தும் புதிய ஹோஸ்டுகளுக்கு 443, 902 இரண்டையும் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் போட்டுப் பாருங்கள். பிங் போகிறது என்று விட்டுவிடாதீர்கள்.

அம்பத்தூர்_அட்மின்

அண்ணா, இரண்டுமே நீங்கள் சொன்னதுதான்!

ஹைதராபாத்தில் பெயர் கிடைக்கவில்லை. உடனடிக்குப் பேக்கப் சர்வரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (பெயருக்கு ஐபி எழுதிவைக்கும் ஃபைல்) இரண்டு வரி எழுதினேன், மாலையில் டிஎன்எஸ் பார்க்கும் நண்பர் சென்னை ஸோனுக்கு கண்டிஷனல் ஃபார்வர்டர் (அந்தப் பெயர்களைச் சென்னை டிஎன்எஸ்ஸிடம் கேட்கும் அமைப்பு) போட்டுக் கொடுத்ததும் அந்த வரிகளை எடுத்துவிட்டேன். ஜாப் ஒரு படி நகர்ந்து, டிஸ்க்கைத் திறக்கும் இடத்தில் நின்றது. ஃபயர்வாலில் ஹோஸ்ட்களுக்கு 443 மட்டும்தான் திறந்திருந்தது. 902ஐயும் திறந்தோம். டேட்டாபேஸும் ஆப் சர்வரும் ஓடி முடிந்துவிட்டன.

ஆனால் ஃபைல் சர்வர் 1.4 டிபியையும் முதலிலிருந்து அனுப்புகிறது. எங்கள் லிங்க் 50 எம்பிபிஎஸ், இரண்டரை நாள் ஆகும். ஹைதராபாத்தில் அதன் பழைய ரெப்ளிகா பத்திரமாக இருக்கும்போது ஏன்?

லாக்_படிப்பவன்

நீங்கள் விசென்டரிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பச் சேர்த்த ஹோஸ்டில்தானே அந்த ஃபைல் சர்வர் இருக்கிறது? அப்படிச் செய்தால் விஎம்முக்கு விசென்டரில் புது ஐடி வந்துவிடும். பெயர் அதேதான், ஆனால் வீமுக்கு அது வேறு விஎம். ஜாபில் கிளஸ்டரையே சேர்த்திருப்பதால் புதிய விஎம் என்று எடுத்துக்கொண்டு முழுதாக ஆரம்பித்துவிட்டது.

ஜாபை நிறுத்துங்கள், ஹைதராபாத்தில் பாதியில் உருவான புது ரெப்ளிகாவை டிஸ்க்கோடு நீக்குங்கள். பெயரை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு நீக்குங்கள், பழையது போய்விட்டால் அப்புறம் இரண்டரை நாள்தான். பிறகு ஜாப் எடிட்டில் முதல் பக்கத்தில் சீடிங்கை (ஏற்கெனவே இருக்கும் நகலிலிருந்து தொடங்குவது) டிக் செய்தால் புதிதாக ஒரு பக்கம் வரும், அதில் ரெப்ளிகா மேப்பிங்கில் இந்த விஎம்முக்குப் பழைய ரெப்ளிகாவைக் காட்டுங்கள். முதல் ஓட்டத்தில் இரண்டு பக்கமும் டிஸ்க்கைப் படித்து ஒப்பிடும், அதற்கு நேரம் எடுக்கும், பயப்பட வேண்டாம், லிங்கில் வித்தியாசம் மட்டும்தான் போகும்.

ராத்திரி_ஷிஃப்ட்

தனியாகச் சேர்க்கச் சொன்னது என் தவறு, மன்னிக்கவும். ஒன்று மட்டும் கேட்கிறேன், ஃபெயில்ஓவர் பிளான் (விஎம்கள் எழும்பும் வரிசை) வைத்திருக்கிறீர்களா? ஐடி மாறிய விஎம்மை அதிலும் எடுத்துவிட்டு மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர்_அட்மின்

மேப்பிங் வேலை செய்தது, இரவு 11 மணிக்கு விட்டது காலை 6 மணிக்கு முடிந்திருந்தது. பிளானில் ஃபைல் சர்வரை எடுத்துவிட்டுப் புதிதாகச் சேர்த்தேன். டேட்டாபேஸ் எழும்ப நேரம் எடுப்பதால் ஆப் சர்வருக்கு முன் இருந்த 60 விநாடி இடைவெளியை 180 ஆக்கியிருக்கிறேன். சனிக்கிழமை ஹைதராபாத்தில் தனி நெட்வொர்க்கில் மூன்றையும் எழுப்பிப் பார்க்கப்போகிறோம். அண்ணாவுக்கும் ராத்திரி ஷிஃப்ட் நண்பருக்கும் மிக்க நன்றி.