அம்மா பிறந்தநாளா, ரேடியோ பிறந்தநாளா? அல்புகெர்க்கி பலூன் திருவிழா

பழைய பஞ்சாங்கம்: நேத்து நெல்லைக்கழுகு எழுதினதைப் படிச்சதிலிருந்து தூக்கம் வரலை. அமெரிக்காவுல நியூ மெக்சிகோ மாநிலத்து அல்புகெர்க்கி பலூன் திருவிழா, "விமானத் தொழில் குடும்பத்து சிட் கட்டர் தன் அம்மா பிறந்தநாளுக்கு நடத்திய விமானக் காட்சியில் தொடங்கியது"ன்னு அடிச்சு விட்டிருக்கார். ஐயா, பிறந்தநாள் ரேடியோவுக்கு! கேஓபி வானொலி 1922-ல ஆரம்பிச்சது. 50 வயசு நிறைவைக் கொண்டாடத்தான் 1972 ஏப்ரல் 8-ல பலூன் பந்தயம் வச்சாங்க.

நெல்லைக்கழுகு: வந்துட்டாருய்யா வாத்தியார். கட்டர் 1971-ல முதல் பலூனை வாங்கினதே அம்மா பிறந்தநாள் விருந்துக்குத்தான். அந்த பலூன் இல்லேன்னா ரேடியோக்காரன் அவர் வீட்டுப் படி ஏறியிருப்பானா? அப்போ ஆரம்பம் எது?

பழைய பஞ்சாங்கம்: விருந்து வேற, விழா வேற. ரேடியோவுக்கு 50 வயசு. திரும்பவும் சொல்றேன், ரேடியோவுக்கு.

நெல்லைக்கழுகு: கட்டர் விமானப்படையில இருந்தவர். குடும்பத் தொழிலே விமானம். விமானக்காரன் நடத்தினா அது விமானக் காட்சிதான்.

பழைய பஞ்சாங்கம்: அப்போ சமையல்காரர் கல்யாணம் பண்ணினா அது சமையல் போட்டியா? முதல் விழா நடந்தது கொரனாடோ சென்டர்னு ஒரு கடைவளாகத்தோட கார் நிறுத்துமிடத்துல. விமானத்தை எங்கே இறக்கினாங்க, பால் பாக்கெட் வாங்க வந்தவங்க கார் மேலயா? அன்னிக்குப் பறந்தது 13 பலூன். ஒண்ணு முன்னால போகணும், மத்ததெல்லாம் துரத்தணும். முன்னால போறதுக்கு ரோட் ரன்னர் பறவைன்னு பேரு, துரத்துறதுக்கெல்லாம் கயோட்டின்னு பேரு, ஓநாய் மாதிரி ஒரு மிருகம்.

டெக்சாஸ் தம்பி: 21 பேர் வர்றதா இருந்தது அண்ணே. இங்கிலாந்துல 19 பலூன் பறந்ததுதான் அதுவரைக்கும் பெரிய பந்தயம், அதை முறியடிக்கணும்னு திட்டம். வானிலை சரியில்லாம பாதிப் பேர் வரலை. நான் 2016-ல நேர்லயே போய்ப் பார்த்தேன். விடியறதுக்கு முன்னாடி குளிர்ல கை விறைச்சுப் போச்சு. காத்தைச் சூடாக்குற பர்னரைத் திறந்தா 'புர்ர்ர்'னு ஒரு சத்தம், பலூன் மொத்தமும் அரிக்கேன் விளக்கு மாதிரி உள்ளேருந்து சிவந்து எரியும், பக்கத்துல நிக்கிறவன் முகமெல்லாம் ஒரு நொடி தெரிஞ்சு மறையும்.

பழைய பஞ்சாங்கம்: தம்பி போனது 2016, நடந்தது 1972. அப்புறம் கணக்கு: 21-ல 13 போனா மிச்சம் 8. பாதியா அது? மதுரையில எந்தப் பள்ளிக்கூடம்?

டெக்சாஸ் தம்பி: பேச்சு வாக்குல சொன்னதுண்ணே. நான் மதுரையே இல்லை, தேனி.

சும்மா வந்தேன்: ஊர்ப் பேரை முதல்ல சரியா எழுதுங்க. ஆல்பகர்க்கி.

பழைய பஞ்சாங்கம்: அல்புகெர்க்கிதான். 1706-ல ஊர் உண்டானப்போ ஸ்பானிய வைஸ்ராயா இருந்த பிரபுவோட பட்டப்பேர்ல இன்னொரு 'ர்' இருந்தது, அதையே தின்னுட்டானுங்க. நீங்க பாக்கியையும் திங்காதீங்க.

சும்மா வந்தேன்: அங்கே இருக்கிறவன்கிட்டக் கேளுங்க, எப்படிச் சொல்றான்னு.

நெல்லைக்கழுகு: பேச்சை மாத்தாதீங்க பஞ்சாங்கம். ரைட் சகோதரர்கள் பத்தின விவாத இழையிலயும் இப்படித்தான், மாட்டிக்கிட்டதும் எழுத்துப்பிழை திருத்தக் கிளம்பிட்டீங்க. அம்மாவுக்கு வாங்கின பலூனா இல்லையா? ஆம் இல்லைன்னு ஒரே வார்த்தை.

பழைய பஞ்சாங்கம்: அந்த இழையில ஓடினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். பலூன் அம்மாவுக்கு. விழா ரேடியோவுக்கு. 1973 பிப்ரவரியில அதே ஊர்ல முதல் உலக வெப்பக்காற்று பலூன் போட்டி நடந்தது, அதுவும் அம்மா பிறந்தநாளா? 1975-ல விழாவை அக்டோபருக்கு மாத்தினாங்களே, அம்மா பிறந்த மாசமும் மாறிடுச்சா?

டெக்சாஸ் தம்பி: அக்டோபர்ல காத்து தோதா இருக்கும்ணே. கீழ் அடுக்குல தெற்கே தள்ளும், மேலே ஏறினா வடக்கே கொண்டுவரும். கிளம்பின இடத்துப் பக்கத்துலயே வந்து இறங்கலாம். 'பாக்ஸ்'னு சொல்வாங்க.

சும்மா வந்தேன்: நம்ம பொள்ளாச்சியிலயும்தான் பலூன் விடுறாங்க, அதைப் பத்தி ஒருத்தனும் பேச மாட்டான்.

பழைய பஞ்சாங்கம்: பொள்ளாச்சிக்கு தனி இழை தொடங்குங்க. இங்கே கேள்வி, பிறந்தநாள் யாருக்கு. ரேடியோவுக்கு.

நெல்லைக்கழுகு: அம்மாவுக்கு.

சும்மா வந்தேன்: ஆல்பகர்க்கி.