கடையை மூடிவிட்டுப் படம் எடுக்கலாமா? கிருஷ்ணகிரி டிசைனரின் கேள்வி

மாங்கொட்டை:
கிருஷ்ணகிரியில் டிசைன் கடை வைத்திருக்கிறேன். ஃப்ளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை, மாங்கூழ் ஆலைகளுக்கு லேபிள். நடுவில் குறும்படங்களும் எடுத்தேன். மாங்காய் மண்டியில் காய் தரம் பிரிக்கும் ஒரு அம்மாவைப் பற்றி முழுநீளப் படத்துக்குக் கதை தயார். தயாரிப்பாளர் கிடையாது, சொந்தப் பணமும் நண்பர்கள் பணமும்தான். கடையை மூடிவிட்டு இறங்கு என்கிறார்கள் சிலர். டிசைன் பண்றவனுக்குப் படம் வராது என்கிறார்கள் சிலர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஓசூர் ஷிஃப்ட்:
கடையை மூடாதீர்கள் தம்பி. சத்யஜித் ராய் 1943-இல் கல்கத்தாவில் டி.ஜே. கீமர் விளம்பர நிறுவனத்தில் படம் வரைகிற வேலையில் சேர்ந்தவர். சிக்னெட் பிரஸ்ஸுக்கு அட்டைப்படங்கள் போட்டார். ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் சிறுவர் பதிப்புக்கு ஓவியம் வரைந்தபோதுதான் அந்தக் கதை அவருக்குள் படமாக ஓட ஆரம்பித்தது. முழுத் திரைக்கதை எழுதவில்லை, காட்சி காட்சியாக வரைந்து வைத்துக்கொண்டார். 1952-இல் நாணல் பூக்காட்டில் ஒரு நாள் எடுத்தார். அடுத்த வாரம் போனால் பூவையெல்லாம் மாடு மேய்ந்துவிட்டது! மறு வருஷம் பூக்கும்வரை காத்திருந்து மீதியை எடுத்தார். மாதச் சம்பளம் இருந்ததால் காத்திருக்க முடிந்தது. 1955-இல் படம் வெளியாகும்வரை வேலையை விடவே இல்லை.

அரூர்க்காரன்:
வந்துட்டாரு ராய். யார் கேட்டாலும் இதே உதாரணம்தானா? அவர் 1947-லேயே நண்பர்களோடு ஃபிலிம் சொசைட்டி ஆரம்பித்தவர். 1950-இல் கம்பெனி லண்டனுக்கு அனுப்பியபோது சில மாதங்களில் நூறு படம்போலப் பார்த்துத் தள்ளினார். அவரை உருவாக்கியது அதுதான், அட்டைப்படம் இல்லை. சால் பாஸ் என்ன ஆனார்? ஹிட்ச்காக் படங்களுக்கு டைட்டில் போட்ட உலகப் புகழ் டிசைனர். 1974-இல் ஒரே ஒரு முழுநீளப் படம் இயக்கினார், அது ஓடவில்லை, அதோடு சரி.

இன்னொன்று. ஃப்ளெக்ஸ் வேலை கண்ணைக் கெடுக்கும். ஒரு இஞ்ச் காலியாக இருந்தாலும் ‘இங்க மாமா போட்டோ வைங்க’ என்பார்கள். பத்து வருஷம் அப்படி நிரப்பியே பழகினவன், ஒரு ஷாட்டில் வெறும் சுவரை எப்படி விடுவான்?

ஓசூர் ஷிஃப்ட்:
அதே சால் பாஸ் தன் குறும்படத்துக்கு ஆஸ்கர் வாங்கியதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஈரான் இயக்குநர் கியாரோஸ்தமியும் டெஹ்ரானில் ஓவியம் படித்து, போஸ்டர், விளம்பரம், டைட்டில் என்று செய்துகொண்டிருந்தவர்தான். முதல் குறும்படம் 1970-இல். முப்பது வயது!

மாங்கொட்டை:
அரூர் அண்ணா, போட்டோ விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். காதணி விழா பேனரில் யார் முகம் பெருசு, யார் முகம் ஓரம், எந்தத் தலைவர் மேலே, தாய்மாமன் எந்த வரிசை, இதை வைத்துக் கடை வாசலில் சண்டையே நடக்கும். பேசாமல் இருக்கும் பங்காளியைப் போடுவதா வேண்டாமா என்று ராத்திரி போன் வரும். ஊரில் யாருக்கு யார் ஆகாது என்பது விஏஓவைவிட எனக்குத் தெரியும். என் கதை அங்கிருந்துதான் வந்தது. காலி இடம் விடுவதைக் கற்றுக்கொள்ளலாம், இதை எங்கே போய்க் கற்பது?

அரூர்க்காரன்:
இது நல்ல பதில். ஆனால் இது எழுத்தாளனுக்கான தகுதி. டிசைனில் நீங்கள் சொன்ன இடத்தில் எழுத்து நிற்கும். நடிகர் நிற்க மாட்டார்.

பாலக்கோடு தக்காளி:
சென்னையில் ஒலிப்பதிவு உதவியாளராக இருந்தவள் நான். டிசைன் பக்கமிருந்து வருகிறவர்களின் முதல் படத்தில் ஃபிரேம் அழகாக இருக்கும், சத்தம் குப்பையாக இருக்கும். உங்கள் மண்டி ஹைவே பக்கமா? அப்படியானால் என்எச் 44 லாரி ஹாரனுக்கு நடுவே லைவ் சவுண்டு எடுப்பது பெரும்பாடு. கேமரா வாடகையைக் குறைத்தாவது நல்ல மைக்குக்கும், மிக்ஸிங்குக்கும் பணம் ஒதுக்குங்கள்.

கடையை மூடிவிட்டு யாரிடமாவது உதவி இயக்குநராக இருப்பது தப்பில்லை. பா. ரஞ்சித் நுண்கலைக் கல்லூரியில் படித்தவர். அவரே வெங்கட் பிரபுவிடம் வேலை பார்த்துவிட்டுத்தான் 2012-இல் தன் முதல் படத்துக்கு வந்தார். நடிகரை வேலை வாங்குவது அப்படிப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் வரும்.

ஓசூர் ஷிஃப்ட்:
கல்யாணம் ஆகி, கடை லோன் இருக்கிறவர் சென்னையில் அறை எடுத்து உதவி இயக்குநராகத் தங்குவதா? ஆடியில் முகூர்த்தம் கிடையாது, பத்திரிகை வேலை இருக்காது. அந்த மாதத்தில் எடுக்கட்டும்.

அரூர்க்காரன்:
ஆடியில் வேலை இல்லையா? தெருவுக்குத் தெரு மாரியம்மன் பண்டிகை பேனர் யார் அடிக்கிறார்கள்? ஓசூரில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறீர்கள்.

மாங்கொட்டை:
அதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. மண்டி நிரம்பி வழிவது மே, ஜூனில்தான். ஆடியில் போனால் கூட்டம் வடிந்திருக்கும். கடைக்கும் லேபிள் வேலை, வைகாசி முகூர்த்தம் எல்லாம் அதே நேரத்தில்தான் குவியும்.

ஓசூர் ஷிஃப்ட்:
அப்போ இரண்டு சீசனாகப் பிரியுங்கள். மண்டிக் காட்சிகள் மட்டும் சீசனில், அதுவும் விடியற்காலை லோடு இறங்கும் நேரத்தில். வீட்டுக் காட்சிகள் மற்ற மாதங்களில். அந்த நேரத்துக்கு மட்டும் கடைக்கு ஒரு ஆள் போடுங்கள்.

அரூர்க்காரன்:
நடிக்கிற அம்மா அடுத்த சீசனில் அதே மாதிரி இருப்பாரா? ‘பதேர் பாஞ்சாலி’ எடுத்து முடிக்கும்வரை சின்னப் பையன் குரல் உடையாமலும், பெண் வளர்ந்துவிடாமலும், பாட்டியாக நடித்தவர் சாகாமலும் இருந்தது அதிர்ஷ்டம் என்று ராயே சொல்லியிருக்கிறார். அதிர்ஷ்டத்தை பட்ஜெட்டில் எழுத முடியாது.

பாலக்கோடு தக்காளி:
அதற்குத்தான் நடிக்கிற ஆளை மண்டியிலேயே தேடச் சொல்வேன். அங்கே வேலை செய்கிறவர் அடுத்த மே மாதமும் அங்கேயே இருப்பார். படப்பிடிப்பால் கூலி இழக்கிற நாளுக்குச் சம்பளம் கொடுங்கள்.

மாங்கொட்டை:
ஒருவர் மனதில் இருக்கிறார். அவர் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேசுகிறேன்.