ஆட்டிசமும் கணக்கும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வேளச்சேரி அம்மா:
பையனுக்கு ஆட்டிசம் என்று சொன்னதும் அடுத்து "அப்போ கணக்குல புலியா?" என்ற கேள்விதான் வரும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். தி.நகரில் ஒரு ரிசப்ஷன். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வருகிறோம், என் வீட்டுக்காரரின் பெரியப்பா பாயசக் கப்போடு வந்து என் பையனை வழிமறித்தார். "இந்த மாதிரி பசங்க கணக்குல புலியாமே, எங்க, பதினேழு இருபத்திமூணு எவ்வளவுன்னு சொல்லு பார்க்கலாம்!" மேடையில் லைட் மியூசிக் காதைப் பிளக்கிறது, பையன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறான், பெரியப்பா கப்பைக் கீழே வைக்காமல் பதிலுக்குக் காத்திருக்கிறார், சுற்றி நாலு பேர் கூடிவிட்டார்கள். அவன் ரொம்ப மரியாதையாக, "பதினேழு வேண்டாம் தாத்தா" என்றான். அவ்வளவுதான். பெரியப்பா என்னைப் பார்த்து, "பாவம், இவனுக்கு அதுவும் வரலையா" என்றார்.

அந்த "அதுவும்" இன்னும் என் காதிலேயே நிற்கிறது. அவனுக்குக் கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு இன்னும் அழுகைதான். ஆனால் எண்கள் மேல் அவ்வளவு ஆசை. எட்டு பிடிக்கும், பதினேழு பிடிக்காது. நம்பர் பிளேட்டில் எட்டு இருக்கிற வண்டியைத் தொடாமல் தாண்ட மாட்டான். உங்கள் வீடுகளில் எப்படி?

கிண்டி அக்கா:
என் தம்பிக்கு 24 வயது. தேதி சொன்னால் கிழமை சொல்வான். இதை வைத்தே அவனைச் சொந்தக்காரர்கள் வீடு வீடாகக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், அது தனிக் கதை.

சைதாப்பேட்டை ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரர் இவன் பிளாட்பாரத்தில் முன்னும் பின்னும் நடப்பதைப் பார்த்துவிட்டு விசாரிக்க வந்தார். இவன் வழக்கம்போல, "உங்க பிறந்த தேதி என்ன?" என்று கேட்டுவிட்டான். அவரும் நல்ல மனுஷன், "1979 ஜூன் 3" என்றார். "ஞாயிறு" என்றான். அவருக்குச் சந்தேகம், அங்கேயே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அம்மாவைக் கேட்டார். அந்தம்மா, "ஏண்டா, நீ பொறந்தது ஆடி வெள்ளிக்கிழமை. ஜூனு வாத்தியார் ஸ்கூல்ல சேர்க்கப் போட்ட தேதி" என்றார்! சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரிக்க, இவன் மட்டும் அழுகிற நிலைக்குப் போய், "ஜூன் 3 ஞாயிறுதான், ஜூன் 3 ஞாயிறுதான்" என்று தாம்பரம் வண்டி வந்து ஏறிய பிறகும் சொல்லிக்கொண்டே வந்தான். அவன் சொன்னது சரிதான், சர்டிபிகேட்தான் தப்பு. அதை அவனுக்குப் புரியவைப்பதற்குள் குரோம்பேட்டை வந்துவிட்டது.

இதே ஆள் கடையில் 500 ரூபாய் கொடுத்து ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு மீதி வாங்காமல் வந்துவிடுவான். மீதி என்று ஒன்று இருப்பதே அவனுக்குப் பொருட்டில்லை. ஆனால் 2026-க்குப் புதுக் காலண்டர் வேண்டாம் என்று பரணிலிருந்து 2015 மாதக் காலண்டரை எடுத்து மாட்டிவிட்டான், தேதியும் கிழமையும் அப்படியே பொருந்தும் என்று. பொருந்தவும் செய்கிறது. அம்மாதான், "தீபாவளி மாறிப்போகுமேடா" என்று சண்டை. 2015-ல் நவம்பர் 10, 2026-ல் நவம்பர் 8. "தீபாவளி என் டிபார்ட்மென்ட் இல்லை" என்றுவிட்டான்.

ஓய்வுபெற்ற கணக்கு ரசிகன்:
வேளச்சேரி அம்மாவுக்கு: மனம் தளர வேண்டாம். இந்தக் குழந்தைகளிடம் கணக்குத் திறமை உள்ளே புதைந்துதான் இருக்கும், தோண்டி எடுப்பது நம் கடமை. பல்லாவரத்தில் எங்கள் தெருவில் ஒரு பையன் இருந்தான், பேசவே மாட்டான், ஆனால் மின் கம்பங்களை எண்ணிக்கொண்டே போவான். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இதில் ஈடுபாடு. ராமானுஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் ஆட்டிசம்தான் இருந்திருக்கும், அந்தக் காலத்தில் யார் கண்டுபிடித்தார்கள்? மருத்துவமனையில் படுத்துக்கொண்டே டாக்ஸி எண் 1729-ஐக் கேட்டதும், இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்றவர்.

ஆகவே என் ஆலோசனை. முதலில் அபாகஸ் வகுப்பில் சேருங்கள், வாரம் இரண்டு நாள் போதும். காலையில் எழுந்ததும் வாய்ப்பாடு, அதுவும் நடந்துகொண்டே சொல்ல வேண்டும், உட்கார்ந்து சொன்னால் மண்டையில் ஏறாது. ராயபுரத்தில் ராமானுஜன் மியூசியம் இருக்கிறது, ஒரு நாள் கூட்டிப்போங்கள், அந்தக் கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்தால் ஒரு உந்துதல் வரும். டிவி, மொபைல் கூடாது. வெண்டைக்காய் வாரம் மூன்று முறை. தினமும் பாதாம். 17 பிடிக்கவில்லை என்றால் அதையே திரும்பத் திரும்பக் கொடுத்துப் பழக்க வேண்டும், விட்டுக்கொடுத்தால் பின்னால் எல்லா எண்ணையும் வேண்டாம் என்பான். என் பேத்திக்கு எட்டாம் வாய்ப்பாடு வராமல் இருந்தது, இப்படித்தான் வந்தது.

வேளச்சேரி அம்மா:
ஐயா, பாதாம் எல்லாம் கொடுத்தாயிற்று. எட்டாம் வாய்ப்பாடு என் பையனுக்குத் தலைகீழாகத் தெரியும். பிரச்சினை அது இல்லை. விடுங்கள்.

சும்மா ஒரு ஆட்டிஸ்டிக்:
எல்லோரும் பையனை, தம்பியை, தெருவில் போகிறவனைப் பற்றி எழுதுகிறீர்கள், நான் ஆட்டிஸ்டிக் ஆளே எழுதுகிறேன். பெண். ஓ.எம்.ஆரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. பெரியவளான பிறகுதான் டயக்னோஸிஸ் கிடைத்தது. ஓட்டலில் பில்லை நாலு பேருக்குப் பிரிக்கச் சொன்னால் எனக்கு வேர்க்கும்.

முதலில் ராமானுஜன். பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ. (அந்தக் காலத்து இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு) தேறவில்லை, 1912-ல் போர்ட் டிரஸ்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார், இதெல்லாம் பதிவில் இருக்கிறது. ஆட்டிசம் பதிவில் இல்லை. 1920-ல் இறந்துபோனவருக்கு நீங்களும் நானும் சர்டிபிகேட் கொடுக்க முடியாது. கணக்கில் அசத்துகிற ஒரு ஆட்டிஸ்டிக் அண்ணனைக் காட்டிய அந்த 1988 ரெயின் மேன் படம் வந்ததிலிருந்து உலகம் முழுக்க இதே பேச்சு. அந்தப் பாத்திரம் உருவாகக் காரணமாக இருந்த கிம் பீக்குக்கு ஆட்டிசமே இல்லை என்று பிற்பாடு சொன்னார்கள். ஆனால் அந்தப் படத்தின் பலனை இன்றைக்கும் தி.நகர் ரிசப்ஷனில் ஒரு குழந்தை அனுபவிக்கிறது.

இப்போது என் கதை. ஒன்பதாம் வகுப்பு. ஒரு தொட்டியை இரண்டு குழாய்கள் நிரப்பும், மூன்றாவது குழாய் காலி செய்யும், மூன்றையும் திறந்தால் எப்போது நிரம்பும்? நான் எழுந்து, "மிஸ், காலி பண்ற குழாயை ஏன் மூடலை?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டேன். எங்கள் தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவள் நான், தண்ணீரை வேண்டுமென்றே ஒழுகவிடுகிறவர்களை எனக்குப் புரியவில்லை. வகுப்பு சிரித்தது. மிஸ் வெளியே நிற்கச் சொன்னார். என்னோடு நோட்டை எடுத்துப்போக விடவில்லை, அதனால் சுவரில் இருந்த டைல்ஸின் மூலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஒவ்வொரு மூலையிலும் நாலு செங்கோணம் சேர்ந்து இடைவெளி இல்லாமல் பொருந்துவதைப் பார்க்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அறுகோணம் பொருந்தும், ஐங்கோணம் ஏன் பொருந்தாது என்று அன்றைக்கு மனதிலேயே போட்டுப் பார்த்தேன். ஒழுங்கான ஐங்கோணத்தின் ஒரு கோணம் 108 டிகிரி, மூன்று சேர்த்தால் 324, இன்னும் 36 மிச்சம். உள்ளே குழாய்க் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, வெளியே எனக்குக் கணக்கு மேல் காதல் வந்துகொண்டிருந்தது.

பத்தாவதில் இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்ற நிரூபணம் வந்தபோது, இந்த ஒரு பாடத்திலாவது யாரும் எதையும் மறைத்துப் பேசுவதில்லை என்று தோன்றியது. மனிதர்கள் ஒன்று சொல்லி வேறொன்றை நினைப்பார்கள், இங்கே எழுதியதுதான் அர்த்தம். ஆனால் மார்க் 51.

ஆவடி அப்பா:
என் மகன் இதற்கு நேர் எதிர். பிளஸ் ஒன், ஸ்டேட் போர்டு. 48-ஐ 25-ஆல் பெருக்கச் சொன்னால் அதை 12 நூறு என்று மாற்றி 1200 என்பான், நான் 48-ஐ எழுதி முடிப்பதற்குள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் ஸ்டெப் எழுத மாட்டான். விடை மட்டும்தான். ஒரு பரீட்சைப் பேப்பரில் எல்லா விடையும் சரி, மேலே சிவப்பு மையில் "காப்பி?" என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கேள்விக்குறியைச் சுற்றி இவன் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் "காபி குடிக்கவில்லை" என்று எழுதி என்னிடம் கையெழுத்துக்கு நீட்டினான். எங்கே கையெழுத்துப் போடுவது? சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாமல் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று. இவ்வளவு கணக்கு வருகிறதே, அவனுக்கு அதில் சந்தோஷமா என்றால் எனக்குத் தெரியவில்லை. ராத்திரி தூக்கம் வராதபோது வர்க்க எண்களை வரிசையாகச் சொல்வான், நடுவில் ஒன்று விட்டுப்போனால் முதலிலிருந்து. அப்போது முகம் இறுகிப்போயிருக்கும். அவனுக்குப் பிடித்தது சமையல். பருப்பு வேகிற குக்கர் பக்கத்தில் நின்று விசில் எண்ணும்போது மட்டும்தான் அவன் பல் தெரியச் சிரித்துப் பார்த்திருக்கிறேன். நாங்கள்தான், கணக்கு வருகிறவனை அடுப்படியில் விடலாமா என்று ஐஐடி கோச்சிங் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

அடையாறு டீச்சர்:
ஸ்பெஷல் எஜுகேட்டராக இருக்கிறேன். என் மாணவி ஒருத்தி, 14 வயது, பேச்சு இல்லை, டேப்லெட்டில் படங்களைத் தொட்டுப் பேசுவாள். பணம் சொல்லிக்கொடுக்க விளையாட்டு நோட்டுகள் வைத்திருந்தோம், தொடவே மாட்டாள். சரி என்று நிஜ நோட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினேன். உடனே பிரிக்க ஆரம்பித்தாள். 200 மஞ்சள் ஒரு பக்கம், 500 சாம்பல் ஒரு பக்கம். புது 50 ரூபாயும் பழைய 100 ரூபாயும் ஒரே அடுக்கில், இரண்டும் நீலம் என்று. புது 100 ஊதா, அது தனி. நான் பழைய 100-ஐ எடுத்துப் புது 100-ஓடு வைத்தேன். திரும்ப எடுத்து 50-ஓடு வைத்தாள். மறுபடி நான் மாற்றினேன். என் கையைப் பிடித்து நிறுத்தி, இரண்டு நோட்டையும் என் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினாள், உனக்குக் கண் தெரியாதா என்கிற மாதிரி. ஒரே மதிப்புக்கு இரண்டு நிறத்தை யார் வைத்தது என்று ரிசர்வ் வங்கியைத்தான் கேட்க வேண்டும், அவளை இல்லை.

ரசிகன் ஐயாவுக்கு ஒன்று: 17-ஐத் திரும்பத் திரும்பக் கொடுக்கச் சொல்வதை தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். பயம்தான் வளரும். அப்புறம் ஆட்டிசமும் கணக்கில் கற்றல் குறைபாடும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தும் இருக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. கணக்கே வேண்டாம் என்றால் என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் அது இல்லாமலே பத்தாவது முடிக்கலாம், சிபிஎஸ்இ-யில் பத்தாவதுக்கு பேசிக், ஸ்டாண்டர்டு என்று இரண்டு தாள் உண்டு.

ஆவடி அப்பா, மகனுக்கு மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் இருக்கிறதா? கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கேட்கலாம்.

ஆவடி அப்பா:
இருக்கிறது டீச்சர். நேரம் கொடுத்தாலும் அரை மணியில் பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறான். எழுதுபவர் வந்தால் அவருக்கும் விடையை மட்டும்தான் சொல்வான்.

சும்மா ஒரு ஆட்டிஸ்டிக்:
ஆவடி அப்பா, ஸ்டெப் எழுது என்றால் அவனுக்கு அதில் அர்த்தமே இருக்காது, விடை தெரிந்தவருக்கு எதற்கு மறுபடி சொல்ல வேண்டும் என்று தோன்றும். வேண்டுமானால் யாராவது தப்பாகப் போட்ட கணக்கை முழு ஸ்டெப்போடு கொடுத்து, எந்த வரியில் தப்பு என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு அது வேலை செய்தது. ஐஐடி பற்றி அவனிடம் கேட்டீர்களா?

ஆவடி அப்பா:
கேட்டேன். "கேன்டீன் இருக்கா?" என்றான்.

கிண்டி அக்கா:
கேள்வி நியாயமானதுதான். சேருங்கள்.

ஓய்வுபெற்ற கணக்கு ரசிகன்:
17 விஷயத்தில் டீச்சர் சொன்னதை ஏற்கிறேன், ராமானுஜன் விஷயத்தில் என் கருத்து என் கருத்துதான். வேளச்சேரி அம்மா, நான் சொன்னது ராத்திரி ஊறவைத்துத் தோல் உரித்த பாதாம், வெறும் பாதாம் இல்லை.