ஓபராவில் மார்ஃபி ஆடிய 17 மூவ் செஸ் ஆட்டம்: இவ்வளவு கொண்டாட வேண்டுமா?

கட்டம்64: 1858, பாரிஸ் ஓபரா. மேடையில் பாட்டு நடக்கிறது. பார்வையாளர் பெட்டியில் செஸ் பலகையில் வெள்ளைக்கு 21 வயது அமெரிக்க வீரர் பால் மார்ஃபி, கறுப்புக்குப் பிரன்ஸ்விக் டியூக்கும் கவுண்ட் இசுவாரும் கலந்து பேசி ஆடுகிறார்கள். 17-வது மூவில் மேட், கறுப்பு ராஜாவுக்குத் தப்ப வழியில்லை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் 3-வது மூவிலேயே மந்திரியை (பிஷப்) ஜி4 கட்டத்தில் வைத்துவிட்டு, அடுத்த மூவில் அதைக் குதிரைக்குக் கொடுக்க வேண்டிய நிலைக்கு வந்தவர்களை ஜெயிப்பதில் என்ன பெருமை?

யானைப்படை: தலைவா, எதிராளி தப்பு செய்யாமல் யாராலும் ஜெயிக்க முடியாது. அந்தத் தப்பை எப்படித் தண்டித்தார் என்பதுதான் ஆட்டம்.

கட்டம்64: அங்கேதான் எனக்குச் சந்தேகம். 7-ல் ராணி பி3-க்கு வந்ததும் எஃப்7, பி7 சிப்பாய்கள் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் குறி. கறுப்பு ராணி இ7-க்குப் போய் எஃப்7-ஐக் காத்தது, பி7 அம்போ. 8-ல் அதை வெட்டியிருந்தால் கறுப்பு பி4-ல் செக் வைத்து ராணி மாற்றம்தான் செய்ய முடியும். ஒரு சிப்பாய் லாபம், மிச்சம் வெறும் வேலை. அவரோ குதிரையை சி3-க்கு எடுத்தார். கூட்டத்துக்காக ஆடியது!

யானைப்படை: கூட்டத்துக்கா? இ7-ல் நிற்கும் கறுப்பு ராணியைப் பாருங்கள். சொந்த மந்திரியின் வழியையே மறித்துக்கொண்டு நிற்கிறது. அது நகராமல் எஃப்8 மந்திரிக்கு எளிதில் வழியில்லை, ராஜா பக்கம் கோட்டை கட்டவும் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் நகர்த்தி ராஜாவைப் பத்திரப்படுத்தவும்) முடியாது. ராணிகளை மாற்றினால் அந்த நெருக்கடியை நாமே தளர்த்திவிடுகிறோம். கடைசியில் என்ன ஆச்சு? எஃப்8 மந்திரியும் எச்8 யானையும் ஆட்டம் முடியும்வரை வீட்டைவிட்டுக் கிளம்பவே இல்லை.

புதுச்சிப்பாய்: ஒரு சந்தேகம் அண்ணா. 14-ல் கறுப்பு ராணி இ6-க்குப் போகாமல் பி4-க்குப் போயிருந்தால்? அங்கேயும் ராணி மாற்றம் வருகிறதே.

யானைப்படை: நல்ல கேள்வி தம்பி. வெள்ளை மந்திரி எஃப்6 குதிரையை வெட்டும். ஆசைப்பட்டு பி3-ல் ராணியை எடுத்தால், இன்னொரு மந்திரி டி7 யானையை வெட்டி மேட். பலகையில் வைத்துப் பார், ராஜாவுக்கு ஒரு கட்டம்கூட இருக்காது.

கட்டம்64: வைத்துப் பார்த்தேன், சரிதான். ஆனால் 9-ல் பி5-க்குச் சிப்பாயைத் தள்ளி வம்பை விலைக்கு வாங்கியது அந்த இருவர்தானே? இரண்டு பேர் கூடிப் பேசி எடுத்த முடிவு அது!

யானைப்படை: அதற்குக் குதிரையையே பலி கொடுப்பார் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். அப்புறம் டி7-ல் யானை, பி8-ல் ராணி. மேட் ஆகும்போது வெள்ளையிடம் சிப்பாய்களைத் தவிர ஒரு யானை, ஒரு மந்திரி. கறுப்பிடம் ராணி, யானை, மந்திரி, குதிரை எல்லாம் இருந்தும் ஒன்றும் உதவவில்லை.

கட்டம்64: பி8-ல் ராணியைக் கொடுத்ததற்கு மட்டும் கைதட்டுகிறேன். 8-வது மூவுக்கு இல்லை. நானாக இருந்தால் பி7-ஐ வெட்டியிருப்பேன்.

யானைப்படை: வெட்டியிருப்பீர்கள். 40 மூவ் ஆடி ஜெயித்தும் இருப்பீர்கள், ஆனால் பாட்டு அதற்குள் முடிந்திருக்கும்.