கடைசி நாட்களில் எண்ணெய் தடவுவதால் என்ன பயன்?

கோண்டாவில் மகள்:
அம்மா போன மாசியில் வீட்டிலேயே கண்ணை மூடினா. புற்றுநோய் எலும்புக்கும் பரவியிருந்தது. நோவு குறைக்கும் மோர்பின் மருந்தை நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா கொடுத்தோம். அப்படியும் இரவில் நித்திரை வராது. அக்கா நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கிப் பாதத்தில் தடவியபடி மெல்லிய குரலில் தேவாரம் பாடுவா. கொஞ்ச நேரத்தில், போர்வையை இறுக்கிப் பிடித்திருந்த அம்மாவின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளரும். இதை ஏன் நம் ஆஸ்பத்திரிகளில் மருந்தோடு சேர்த்துச் செய்யக்கூடாது?

மருந்துக்கடைக்காரன்:
தங்கச்சி, உங்கள் துயரம் விளங்குகிறது. ஆனால் இதை வாசிக்கிற யாரோ ஒருவர் எண்ணெயே போதும் என்று மோர்பினை நிறுத்திவிடுவார். மோர்பின் கொடுத்தால் ஆள் கெதியாகப் போய்விடும் என்ற பயம் இங்கே ஊறிப்போய்க் கிடக்கிறது. என் மாமாவுக்கு மருந்தை ஒளித்துவைத்துவிட்டு, யாரோ கொடுத்த பற்பத்தை, அதுதான் அந்தச் சித்த மருந்துப் பொடியை, தேனில் குழைத்துக் கொடுத்தார்கள். மூன்று இரவு அவர் முனகியது இன்னும் என் காதில் கேட்கிறது. புற்றுநோய்க்கு மாற்று முறைகளையும் சேர்த்துப் பார்த்தவர்களில் இறப்பு இரட்டிப்பாக இருந்ததென்று 2018இல் அமெரிக்க ஆய்வு ஒன்றும் வந்தது.

கோண்டாவில் மகள்:
அண்ணை, அந்த ஆய்வு சுகப்படுத்தக்கூடிய புற்றுநோய் உள்ளவர்களைப் பற்றியது. அவர்களில் பலர் சத்திரசிகிச்சையையோ கீமோவையோ வேண்டாமென்றதுதான் காரணம். என் அம்மாவைச் சுகப்படுத்த ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. நான் கேட்பது அந்த இரவுக்கு மட்டும்.

மருந்துக்கடைக்காரன்:
சரி, அது நியாயம். ஆனால் 2008இல் முற்றிய புற்றுநோயாளர் 380 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதிக்கு மசாஜ், மற்றப் பகுதிக்குச் சும்மா கையை வைத்திருப்பது. மசாஜ் செய்த உடனே நோவு கூடுதலாகக் குறைந்தது, ஆனால் அது நிலைக்கவில்லை. நாள்கணக்கில் பார்த்தால் இரண்டு பகுதியும் ஒன்றுதான்.

கோண்டாவில் மகள்:
சும்மா கை வைத்தவர்களுக்கும் குறைந்ததுதானே? அந்தக் கைக்குக் காசும் தேவையில்லை, மெஷினும் தேவையில்லை. சாகப்போகிற ஒருவருக்கு ஒரு மணித்தியாலம் என்பது சின்ன விஷயமில்லை அண்ணை.

வார்டு தாதி:
இருபது வருடமாகப் பார்க்கிறேன். 1967இல் லண்டனில், சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் ஹொஸ்பிஸ் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ், நோவு என்பது உடம்போடு மட்டும் நிற்பதில்லை, மனம், குடும்பம், ஆன்மா எல்லாம் அதில் சேரும் என்றா. மருந்து தொடாத அந்தப் பங்கைத்தான் உங்கள் அக்கா தொட்டிருக்கிறா. ஆனால் பற்பம், கஷாயம் என்று வாய்வழியாக எதைக் கொடுப்பதானாலும் முதலில் டொக்டரிடம் சொல்லுங்கள். தடவுவது வேறு, குடிக்கக் கொடுப்பது வேறு. கட்டியின் மேலும், கதிர்வீச்சுப் பட்ட தோலிலும், பரவிய எலும்பின் மேலும் அழுத்தவே வேண்டாம், எலும்பு முறிந்துவிடும்.

மருந்துக்கடைக்காரன்:
இதைத்தான் நானும் எதிர்பார்த்தேன் மிஸ். மோர்பினைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டு தடவுவதென்றால் எனக்கு மறுப்பில்லை. குடிக்கக் கொடுக்கும் எதற்கும் இன்னும் மறுப்புத்தான்.

கோண்டாவில் மகள்:
மிஸ், இப்போது பெரியம்மாவுக்கும் அதே நிலை. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கிறது. தடவலாமா?

வார்டு தாதி:
வேண்டாம். இரத்தம் உறைந்திருக்கலாம், இன்றைக்கே டொக்டருக்குக் காட்டுங்கள். அதுவரை கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். அக்காவைப் பாடச் சொல்லுங்கள்.