மறு: மறு: குதிரை வாயில் போடும் ‘பிட்’ தமிழில்?

> கடிவாளம் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, தலைவார், கன்னவார், ஓட்டுபவர் பிடிக்கும் கைவார் எல்லாம் சேர்ந்ததையும் கடிவாளம் என்றுதானே சொல்கிறோம்? ‘கடிவாளத்தின் அகலம்’ என்று எழுதினால் எதை அளப்பது? வாய்க்குள் கிடக்கும் உலோகத்துக்குத் தனிப்பெயர் வேண்டும். ‘பிட்’ என்றே விட்டால் கணினிக்காரர் ஒன்று நினைப்பார், பரீட்சை எழுதுகிறவன் வேறொன்று நினைப்பான். என் பரிந்துரை: வாய்த்தண்டு.

> கடிதண்டு?

குதிரை அதைக் கடிக்கக் கூடாது என்பதுதானே விஷயம்! முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஈறு உண்டு (இதைப் ‘பல்லிடை’ எனலாம்). தண்டு அங்கே, நாக்கின் மேல் கிடக்க வேண்டும். வாயோரத்தில் ஒன்றிரண்டு சுருக்கம் விழும் உயரத்தில் வாரை மாட்டுவது வழக்கம். அதிகம் தொங்கினால் நாக்கைத் தூக்கித் தண்டின் மேல் போட்டுக்கொள்ளும். சில குதிரைகளுக்குக் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் சின்னதாக ஓநாய்ப்பல் முளைத்திருக்கும். தண்டு அதில் இடித்தால் தலையை உதறும். அப்போது தண்டை மாற்றிப் பயனில்லை, கால்நடை மருத்துவர் பல்லைப் பார்க்க வேண்டும்.

அகலத்துக்கு, வழவழப்பான மரக்குச்சியைக் குறுக்கே வைத்து இரு உதட்டோரமும் குறித்து அளக்கலாம். தண்டின் இரு முனையிலும் உள்ள வளையம் அசையாமல் தண்டோடு இணைந்திருந்தால் பக்கத்துக்கு 2–3 மி.மீ. கூட்டினால் போதும். சுழல்வளையம் என்றால் 5 மி.மீ. விடுங்கள், இல்லாவிட்டால் துளையில் உதடு சிக்கும். தடித்த தண்டு மென்மையானது என்பார்கள். நாக்கு பருத்து, அண்ணம் தாழ்ந்த வாயில் அதற்கு இடமே இருக்காது.

> நடுவே ஒன்றோ இரண்டோ இடத்தில் மடங்கும் தண்டுகளை ஒருமூட்டு, இருமூட்டு என்றீர்கள். உலோகத்துக்கு ‘கீல்’ பொருந்தாதா?

பொருந்தும், மாற்றிக்கொள்கிறேன். ஒருகீல் தண்டு இரு கைவாரையும் சேர்த்து இழுக்கும்போது பாக்குவெட்டிபோல் மடங்கி நாக்கை நெரிக்கும். இருகீலில் நடுத்துண்டு நாக்கின் மேல் படிவதால் அழுத்தம் பரவும்.

மெரினா சவாரிக் குதிரைகளையும் மனதில் வைத்து, பதிவில் உலோகத்தையும் சேர்க்கலாம். முலாம் பூசிய இரும்பு உப்புக்காற்றில் அரித்து, உரிந்த விளிம்பு உதட்டைக் கிழிக்கும். துருப்பிடிக்காத எஃகு நல்லது, அதையும் தினமும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

இன்னும் பெயர் வைக்க மீதி இருப்பது ‘கர்ப்’ (curb). பக்கக் கம்பி நெம்பி, தாடைக்குக் கீழ் சங்கிலி இறுகி, உச்சந்தலையிலும் அழுத்தும் வகை அது. ‘நெம்புதண்டு’ சரியா, வேறு யோசனை உண்டா?