பணியிட மொழி சரளமாக வராத நிலையில் வேலை தேடுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். கணக்குப் பிரிவில் எட்டு ஆண்டு அனுபவம் உள்ள நான், வேறொரு நாட்டில் குடியேறிப் பதினான்கு மாதங்களாக வேலை தேடிவருகிறேன். இங்குள்ள மொழியை வாசிப்பேன், அகராதியை வைத்துக்கொண்டு மின்னஞ்சலும் எழுதிவிடுவேன், பேச்சில்தான் தடுமாறுகிறேன். சென்ற வாரம் தொலைபேசி நேர்காணலில் "முந்தைய வேலையை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டதை "விட்டுவிட்டீர்களா?" என்று புரிந்துகொண்டு, "ஆம்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை; பிறகு நன்றி கூறி வைத்துவிட்டார். மொழி கைவரும்வரை விண்ணப்பிப்பதை நிறுத்திவைப்பதா, கிடைக்கும் வேலை எதுவானாலும் ஏற்பதா, தற்குறிப்பில் மொழித்திறனை எப்படிக் குறிப்பிடுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
ஆள் தேர்வுப் பணியில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிறுத்திவைக்க வேண்டாம். தற்குறிப்பில் "ஓரளவு தெரியும்" என்று எழுதினால் எங்களுக்கு எதுவும் விளங்காது. "சரளம்" என்று எழுதினால் முதல் அழைப்பிலேயே நம்பிக்கை போய்விடும். ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகத்தில் ஏ1 (தொடக்க நிலை) முதல் சி2 (உச்ச நிலை) வரை ஆறு நிலைகள் உள்ளன. வாசிப்பு பி2, எழுத்து பி1, பேச்சு ஏ2 என்பதுபோல ஒவ்வொரு திறனையும் தனித்தனியே குறிப்பிட்டால், உங்களை எந்த இருக்கையில் அமர்த்தலாம் என்று எங்களால் யோசிக்க முடியும். சான்றிதழ் மட்டும் பேச்சுத்திறனைக் காட்டிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஜப்பானிய மொழிக்கான ஜேஎல்பிடி தேர்வில் என்1 என்ற உச்ச நிலையைத் தொட்டவர்கூடப் பேசிக் காட்டியிருக்க மாட்டார், ஏனெனில் அத்தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது.

கணக்குத் துறைக்குள்ளேயே தேர்ந்தெடுத்து விண்ணப்பியுங்கள். பாக்கி வசூலிக்கும் வேலையில் நாள் முழுவதும் தொலைபேசியில் பேச வேண்டியிருக்கும். ஆனால் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் (வங்கிக் கணக்கையும் நம் பதிவேட்டையும் ஒப்பிடுவது) தயாரிப்பதும் கொள்முதல் ரசீதுகளைச் சரிபார்ப்பதும் பெரும்பாலும் எண்களையும் ஆவணங்களையும் சார்ந்தவை.

பதில் 2:
மேலே சொன்னதில் பெரும்பகுதி சரிதான்; ஆனால், எழுத்துவேலைக்குள்ளேயே ஒதுங்கிவிட்டால் பேச்சு வளராது என்பதை என் அனுபவத்தில் கண்டேன். நான் முதலில் சேர்ந்த கிடங்கில் உடன் வேலை செய்தவர்கள் எல்லோரும் என் தாய்மொழியையே பேசியதால், இரண்டு ஆண்டுகள் கழிந்தும் இந்த ஊர் மொழியில் பத்து வாக்கியங்களைத் தாண்டவில்லை. பிறகு வேறிடத்தில் பணிமுறை (ஷிஃப்ட்) மாறும்போது எழுதும் ஒப்படைப்புப் புத்தகம்தான் எனக்குப் பாடநூலானது. "மூன்றாவது வரிசையில் இரண்டு பெட்டி குறைகிறது, ஓட்டுநரிடம் சொல்லியாயிற்று" என்று முந்தையவர் எழுதியிருப்பதை வீட்டில் வாய்விட்டுப் படித்து, மறுநாள் அதே அமைப்பில் நானே சொல்லிப் பார்ப்பேன். பொதுவான பாடப்புத்தகம் எதிலும் அப்படியொரு வாக்கியம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆகவே சம்பளம் சற்றுக் குறைந்தாலும், அந்த மொழி பேசுபவர்களுக்கு நடுவே அமரும் வேலையாகப் பாருங்கள்.

நேர்காணலில் புரியாதபோது "ஆம்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். "முந்தைய வேலையைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று புரிந்துகொள்கிறேன், சரிதானா?" என்று புரிந்த பகுதியைத் திருப்பிச் சொல்லுங்கள். அவர் திருத்துவார், உங்களுக்கும் யோசிக்க அவகாசம் கிடைக்கும். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள்.

பதில் 3:
ஒரு எச்சரிக்கை. வேலை கிடைத்த மகிழ்ச்சியில், புரியாத ஒப்பந்தத்தில் அன்றே கையெழுத்திட வேண்டாம். வேலை நேரம், தகுதிகாண் காலம், விலகுவதற்கான முன்னறிவிப்பு ஆகிய மூன்றையும் நம்பிக்கையான ஒருவரிடம் படித்துக் காட்டச் சொல்லி, விளங்கிய பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தற்குறிப்பில் ஒவ்வொரு திறனையும் பிரித்து எழுதிவிட்டேன். வியாழக்கிழமை ரசீது சரிபார்க்கும் பணிக்கு ஓர் அழைப்பு இருக்கிறது. முகம் பார்த்துப் பேசினால் எனக்கு நன்றாகப் புரியும் என்று எழுதிக் கேட்டேன், காணொளி அழைப்பாக மாற்றித் தந்திருக்கிறார்கள். வேலையை விட்ட காரணத்தை ஐந்து வாக்கியங்களில் எழுதி வைத்து, காலையும் மாலையும் உரக்கச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.